குடியிருக்கும் அரண்மனை

அரண்மனைகள் இருவகைப்படும். ஆளற்றுப் போனவை ஒரு வகை. இன்றும் மக்கள் குடியிருப்பவை மற்றொரு வகை. முதல் வகையில் நாம் காண்பது கடந்த காலத்தை மட்டுமே. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களுக்கிடையே நடக்கும்போது, எவருடைய உறக்கத்தையேனும் கலைத்துவிடுவோமோ என்ற அச்சம் நமக்கு எழுவதில்லை. பத்மநாபபுரத்து மர மாடிகளில் ஏறி இறங்கும்போதும் அப்படித்தான். வழிகாட்டி உரக்கப் பேசுகிறார். நாமும் உரக்கப் பேசுகிறோம். கேட்டு மனம் நோவதற்கு அங்கே எவருமில்லை.

இரண்டாம் வகையில் நிலைமை வேறு. அங்கே ஏதோ ஓரிடத்தில் ஒரு கதவு அடைத்திருக்கும். அல்லது ஒரு திரை தொங்கும். அதற்கு அப்பால் ஒரு குடும்பம் உண்கிறது, உறங்குகிறது, நோயுறுகிறது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறது. இப்பால் நிற்கும் நாமோ, நுழைவுச் சீட்டைக் கையில் பிடித்தபடி, 'இதற்குள் என்ன இருக்கும்?' என்று எட்டிப் பார்க்க விழைகிறோம். அந்த ஒரு கணத்தில் நம் முன் ஒரு வினா எழுகிறது. பிறர் வாழும் இடத்தைக் காணச் செல்பவருக்கு எதுவரை உரிமை உண்டு? சிறிய வினாதான். எனினும், அதன் வேர் ஆழமானது. தஞ்சாவூர் அரண்மனையின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு அதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

ஒரே மதிலுக்குள்

தஞ்சை நாயக்கர் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பத் தொடங்கிய அரண்மனை அது. 1670-களில் தஞ்சையைக் கைக்கொண்ட ஏகோஜியும், அவர் வழிவந்த மராட்டிய மன்னர்களும் அதனை விரிவாக்கினர். சத்திரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி ஏகோஜி. செங்கல்லும் சுண்ணமும் கொண்டு எழுந்த அந்த வளாகத்தில் இன்று நாம் காண்பவை பல. நாயக்கர் தர்பார் மண்டபத்தில் கலைக்கூடம் அமைந்திருக்கிறது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் அங்கே அணிவகுத்து நிற்கின்றன. வண்ணம் தீட்டிய தூண்களோடு மராட்டியர் தர்பார் மண்டபம் இருக்கிறது. மணிக்கோபுரமும் ஆயுதக் கோபுரமும் உயர்ந்து நிற்கின்றன. உலகப் புகழ்பெற்ற சரசுவதி மகால் நூலகம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளைக் காத்து வருகிறது. இவற்றோடு, அதே வளாகத்தின் ஒரு பகுதியில், மராட்டிய மன்னர் மரபினர் இன்றும் குடியிருந்து வருகின்றனர்.

அருங்காட்சிப் பொருளும் அடுக்களைப் புகையும் ஒரே மதிலுக்குள் இருப்பது இத்தகைய அரண்மனைகளின் தனி இயல்பு. பார்க்க வருபவருக்கு அது வரலாற்றுச் சின்னம். வாழ்பவருக்கு அது வீடு. இவ்விரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால், இடையே ஓர் அறம் நிற்க வேண்டும்.

வாசல்கள் கற்பித்த பாடம்

அந்த அறத்தை நம் முன்னோர் வீட்டின் அமைப்பிலேயே எழுதி வைத்தனர். விருந்தோம்பல் என்று இல்லத்தார் கடமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். விருந்தினரின் கடமையை நமக்குக் கற்பித்தவை வாசல்களே. வழிப்போக்கருக்குத் திண்ணை உண்டு. வெயிலுக்கு ஒதுங்கலாம், மழைக்குப் படுக்கலாம், எவரையும் கேட்க வேண்டியதில்லை. அறிமுகமானவர் ரேழிவரை வருவார். உறவினர் கூடத்துக்கும் முற்றத்துக்கும் வருவர். அடுக்களைக்குள் செல்பவர் வீட்டாரும் அவர்தம் நெஞ்சுக்கு நெருங்கியோரும் மட்டுமே. எவர் எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்று பலகை எழுதி மாட்டவில்லை. நிலைப்படி உயர்ந்திருந்தது, உள்ளே நுழைபவர் தலை குனிந்தார்.

இதே வாசல்கள் சாதியின் பெயரால் மனிதரை இழிவுபடுத்தவும் பயன்பட்டன என்பதை மறைப்பதற்கில்லை. திண்ணையிலும் அமர விடாமல் தெருவிலேயே நிறுத்தப்பட்டவர்கள் நம்மிடையே இருந்தனர். அந்தக் கொடுமை முற்றிலும் மறைந்துவிட்டது என்று இன்றும் சொல்ல முடியாது. ஆகவே, வாசல் என்பது தன்னளவில் நல்லதும் அன்று, தீயதும் அன்று. வெளியே நிற்பவரைச் சிறுமைப்படுத்த எழும் வாசல் தீமை. உள்ளே இருப்பவரின் நாணத்தையும் நோவையும் துயரையும் காக்க நிற்கும் வாசல் நன்மை. இரண்டாவதையே இங்கே கருதுகிறோம்.

அரண்மனையும் இப்படி அடுக்கடுக்கான வாசல்களைக் கொண்ட பெரிய வீடுதான். அரசர் குடிகளுக்குக் காட்சி தந்து குறை கேட்ட தர்பார் மண்டபம் அதன் திண்ணை. அதற்கு உட்பட்டவை ஒவ்வொன்றாக நெருங்கியோருக்கு உரியவை. இந்த வாசல் வரிசையை மதியாமல் உள்ளே புகுந்தால் என்ன நேரும் என்பதற்குத் தஞ்சை அரண்மனையே சாட்சி பகர்கிறது.

முத்திரை வைத்த அறைகள்

1798-இல் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி மன்னர், மறு ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியை அவர்களிடம் ஒப்படைத்தார். கோட்டையும், ஆண்டுதோறும் ஒரு தொகையும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே அவருக்கு மிஞ்சின. நாடு போய் வீடு நின்றது. 1832-இல் அவர் மறைந்தபின் மகன் இரண்டாம் சிவாஜி பட்டமேற்றார். 1855-இல் அவரும் ஆண் மகவின்றிக் காலமானார். வாரிசு இல்லை என்று கூறி, கம்பெனியார் தஞ்சை அரசையே முடிவுற்றதாக அறிவித்தனர்.

அரசை எடுத்துக்கொண்டதோடு அவர்கள் நிற்கவில்லை. 1856-இல் கம்பெனி அதிகாரி படைவீரரோடு வந்து அரண்மனையைக் கைப்பற்றினார். மன்னரின் தனிச் சொத்துகளும் அதில் அடங்கின. உடைமைகளுக்கு முத்திரை வைத்தார்கள், காவல் நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் கணவரை இழந்த அரசியர்.

மூத்த அரசி காமாட்சிபாய் சாகேப் இதைப் பொறுத்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. அரசு வேறு, குடும்பச் சொத்து வேறு. கணவர் விட்டுச் சென்ற சொத்துக்குத் தாமே உரிமையுடையவர் என்று சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமைந்தது. கம்பெனியார் இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தனர். 1859-இல் அங்கே தீர்ப்பு மாறியது. நடந்தது அரசுச் செயல். அது நீதியா அநீதியா என்று ஆராயும் அதிகாரம் எந்த உள்நாட்டு நீதிமன்றத்துக்கும் இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். சட்டம் படிக்கும் மாணவர் இன்றும் இவ்வழக்கைப் படிக்கின்றனர்.

அத்தீர்ப்பில் நம்மைத் தைப்பது எது? செய்தது சரி என்று நீதிபதிகள் சொல்லவில்லை. சரியா தவறா என்று கேட்கும் இடம் இதுவன்று என்றே சொன்னார்கள். வலியோர் செயலைப் பற்றி அறத்தின் கேள்வி கேட்க உலகில் இடமே இல்லாமற்போன நிலை அது. பிறகு 1862-இல் தனிச் சொத்துகள் அரச குடும்பத்துக்குத் திருப்பித் தரப்பட்டன. ஆனால், வழக்கில் தோற்றவர்களுக்கு அவை உரிமையாக வந்து சேரவில்லை. ஆள்வோரின் கொடையாகவே வந்தன. நம் கையிலிருந்து பறித்ததை நமக்கே தானமாகத் தருவதில் ஒரு சிறுமை ஒளிந்திருக்கிறது. பெற்றுக்கொண்டவர்கள் அதை உணர்ந்திருப்பர்.

யாருடைய அரண்மனை?

இங்கே ஒரு தடை எழும், எழுவது நியாயமே. 'அரச குடும்பத்தின் துயருக்காக இத்தனை கண்ணீரா? அந்த அரண்மனை எவருடைய வியர்வையில் எழுந்தது? காவிரிப் பாசனத்து வயல்களில் இடுப்பளவுச் சேற்றில் நின்று நடவு நட்டவர்களின் உழைப்பல்லவா அது? அவர்கள் குடிசைக்குள் வரி தண்ட ஆட்கள் புகுந்தபோது எந்த வாசல் தடுத்தது?' என்று வாசகர் சிலர் கேட்கலாம்.

இக்கேள்வியை நாம் முழுமையாக ஏற்கிறோம். அரண்மனையில் பொதுமக்களுக்கும் பங்குண்டு. அதன் மண்டபங்களும் சிற்பங்களும் சுவடிகளும் ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடப்பது முறையன்று. மக்களாட்சியில் மன்னர் மரபினரும் மற்றவரைப் போன்ற குடிமக்களே.

ஆனால், அவர்கள் மற்றவரைப் போன்றவர்கள் என்பதாலேயே மற்றவருக்குள்ள ஓர் உரிமை அவர்களுக்கும் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு வாழும் உரிமை அது. பொதுச்செல்வத்தின்மீது மக்களுக்குள்ள உரிமை, ஒரு கைம்பெண்ணின் அறையைத் திறக்கும் உரிமையாக ஆகிவிடாது. கம்பெனியார் செய்த பிழையும் இதுவே. நாட்டுக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த கோட்டை அவர்கள் அழித்தனர். மக்களின் பெயரால் நாமும் அதே கோட்டை அழித்தால், அப்பிழை சரியாகிவிடாது. வரி தண்ட வந்தவர் குடிசைக்குள் புகுந்தது தவறு; அதனாலேயே படைவீரர் அந்தப்புரத்துக்குள் புகுந்ததும் தவறு. ஏழையின் வாசலுக்காக வாதாடுபவர் எவருடைய வாசலையும் உடைக்க முடியாது.

உள்ளிருந்து திறந்த கதவு

தஞ்சை அரண்மனையின் வரலாறு அந்த முத்திரைகளோடு முடிந்திருந்தால், அது கசப்பான கதையாகவே நின்றிருக்கும். நல்லவேளையாக வேறொரு பக்கமும் அதற்கு உண்டு.

நாட்டை இழந்த சரபோஜி, எஞ்சிய வீட்டை என்ன செய்தார் என்பது எண்ணத்தக்கது. அதனை அறிவின் இல்லமாக்கினார். தமிழ், தெலுங்கு, மராத்தி, வடமொழிச் சுவடிகளையும் ஐரோப்பிய நூல்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். தன்வந்திரி மகால் என்ற பெயரில் மருத்துவ ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் இடம் வகுத்தார். நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைக்கூட எழுதி வைக்கச் செய்தார். ஆளும் அதிகாரம் போனபின் ஒருவர் வெறும் ஆடம்பரத்தில் மூழ்கியிருக்கலாம். பழம்பெருமை பேசியே நாள் கழித்திருக்கலாம். அவர் பிறருக்குப் பயன்படுவதைச் சேர்த்து வைத்தார்.

அவர் சேர்த்தவை பின்னாளில் பூட்டியே கிடக்கவில்லை. 1918-இல் அரச குடும்பத்து உரிமையாளர்கள் முன்வந்து, நூலகத்தைப் பொதுமக்களுக்கு உரியதாக்க இசைந்தனர். அதன் பராமரிப்புக்கென ஓர் இலட்சம் ரூபாய் நிதியையும் வழங்கினர். இன்று ஓர் ஏழை மாணவர் அங்கே சென்று, ஒரு காலத்தில் மன்னரின் கை மட்டுமே தொட்ட நூல்களைப் பயில முடிகிறது.

1856-ஐயும் 1918-ஐயும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டு முறையும் அரண்மனையின் பொருள் அரண்மனையார் கையை விட்டுப் போயிற்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். ஆனால், ஒருமுறை கதவு வெளியிலிருந்து உடைபட்டது. மறுமுறை உள்ளிருந்து திறந்தது. உடைபட்ட கதவின்பின் எஞ்சியவை வழக்கும் மனப்புண்ணும். திறந்த கதவின்பின் எழுந்தது ஒரு கல்விக்கூடம்.

பிற நாட்டு அரண்மனைகளிலும் இதற்கு ஒப்பானதைக் காண்கிறோம். 1992-இல் இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டையில் பெருந்தீ பற்றியது. அதைச் செப்பனிடும் செலவுக்குப் பொருள் திரட்ட, மறு ஆண்டு முதல் அரச குடும்பத்தார் தாம் வாழும் பக்கிங்காம் அரண்மனையின் மண்டபங்களைக் கோடைகாலத்தில் பொதுமக்கள் கட்டணம் செலுத்திக் காணத் திறந்துவிட்டனர். அங்கே தேவையும் இருந்தது. வரிப்பணத்தில் அரச வீட்டைப் பழுதுபார்ப்பதா என்ற மக்களின் முணுமுணுப்பும் இருந்தது. இருப்பினும், எந்த அறை, எந்த மாதம், எதுவரை என்பதை வாழ்பவரே வகுத்தனர். திறப்பவரின் கை உள்ளே இருந்தது.

விருந்தாளியாகச் சென்ற அரசர்

தஞ்சை அரண்மனையில் சரபோஜி மன்னருக்கு வெண்பளிங்குச் சிலை ஒன்று உண்டு. கைகூப்பிய நிலையில் நிற்கிறார். தம் வீட்டைக் காண வருபவரை நூற்றாண்டுகள் தாண்டியும் வணங்கி வரவேற்பதுபோல் தோன்றுகிறது. ஆனால், அவரைப் பற்றி இதனினும் நுட்பமான பாடம் சொல்லும் பளிங்குச் சிற்பம் ஒன்று அரண்மனைக்கு வெளியே இருக்கிறது. சிவகங்கைக் குளத்தை அடுத்த சுவார்ட்ஸ் ஆலயத்தில் அதைக் காணலாம்.

செருமனியில் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் குரு சுவார்ட்ஸ் ஐயர். அவருடைய நேர்மையில் நம்பிக்கை வைத்த துளஜாஜி மன்னர், தாம் 1787-இல் இறக்குமுன் தம் தத்து மகனான சிறுவன் சரபோஜியை அவர் பொறுப்பில் ஒப்படைத்தார். அரசுரிமைப் போட்டியில் அச்சிறுவன் பட்ட இன்னல்களிலெல்லாம் துணை நின்று, கல்வி கற்பித்து வளர்த்தவர் அவரே. சரபோஜி அரியணை ஏறுவதைக் காணாமலே, 1798 பிப்ரவரியில் அவர் உயிர் நீத்தார். சரபோஜி தம் சமயத்தை விட்டு மாறவில்லை. ஆசானும் அன்பைக் குறைத்துக்கொள்ளவில்லை. ஆசானின் நினைவாக, இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு மன்னர் செதுக்கச் செய்ததே அச்சிற்பம். சாகும் தறுவாயில் கட்டிலில் கிடக்கும் ஆசானின் கையைப் பற்றியபடி சரபோஜி நிற்கும் காட்சி அதில் இருக்கிறது.

அரசர்கள் தம்மைக் கற்களில் வடிக்கச் சொல்லும்போது அரியணையையோ போர்க்குதிரையையோ கேட்பது வழக்கம். இவரோ, வேறொருவரின் நோய்ப் படுக்கையருகில் வந்து நிற்பவராகத் தம்மை வடிக்கச் செய்தார். அங்கே அவர் விருந்தாளி. ஆயிரம் பேர் காண வரும் மாளிகைக்குரியவர், எளியதோர் அறையில் ஒரு முதியவரைக் காணச் சென்றிருக்கிறார். வேடிக்கை பார்க்கச் செல்லவில்லை. கையைப் பற்றிக்கொள்ளச் சென்றார். பிறர் வாழும் இடத்துக்கும், பிறர் சாகும் இடத்துக்கும் எப்படிப் போக வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்லிவிட முடியாது.

குடிசைக்குத் திரை உண்டா?

இப்போது நம் தொடக்க வினாவுக்கு விடை சொல்லலாம். சீட்டு வாங்கியவருக்கு, திறந்துவிடப்பட்ட இடம்வரை உரிமை உண்டு. அதற்கு அப்பால் அவருக்குள்ளது உரிமையன்று. அழைப்புக்குக் காத்திருக்கும் கடமை. அடைத்த கதவுக்குமுன் நின்று திரும்பிவிடுபவர் எதையும் இழந்துவிடவில்லை. அதன் பின்னால் மனிதர் வாழ்கின்றனர் என்பதை அறிந்துகொண்டு திரும்புகிறார். அரண்மனையில் காணத்தக்கவற்றுள் அதுவும் ஒன்றே.

எனினும், இந்த அறம் அரண்மனையோடு நின்றுவிட்டால் அது வெறும் அச்சம், மரியாதையாகாது. அரண்மனையின் திரைக்குக் காவலர் இருக்கிறார்; பலகை இருக்கிறது; பரம்பரைப் பெயரின் பெருமையும் இருக்கிறது. எனவே நாம் நிற்கிறோம். எந்தக் காவலும் இல்லாத வாசலில் நிற்கிறோமா என்பதே சோதனை.

2004 திசம்பரில் ஆழிப்பேரலை நாகைக் கரையைச் சூறையாடியது. 2018 நவம்பரில் கஜா புயல் அதே காவிரிப் படுகையின் ஓடுகளையும் கீற்றுகளையும் பெயர்த்தெறிந்தது. கூரையும் கதவும் போன வீடுகளுக்கு உதவி வந்தது. அதோடு பார்வையாளரும் வந்தனர். கேட்காமலே உள்ளே நுழைந்தவர்கள் உண்டு. கலைந்த பாயையும் கவிழ்ந்த பானையையும் படம் எடுத்தவர்கள் உண்டு. ஐந்து கிலோ அரிசியை நீட்டியபடி, வாங்கும் தாயின் முகத்தைக் கேமராவுக்குத் திருப்பச் சொன்னவர்களும் உண்டு. அத்தாயின் வீட்டுக்கு நிலைப்படி இல்லாதிருக்கலாம். அதனால் அது வீடு இல்லையென்று ஆகிவிடுமா? இழந்த கூரையோடு தன் நாணத்தையும் அவள் இழந்துவிட வேண்டுமா?

மருத்துவமனைப் பொதுவார்டில் படுத்திருப்பவருக்கும், முதியோர் இல்லத்தில் வரிசைக் கட்டிலில் வாழ்பவருக்கும், அரசு தொகுப்பு வீட்டில் ஒரே அறைக்குள் ஆறு பேராகக் குடியிருப்பவருக்கும் திரை இல்லை. அவர்களைக் காணச் செல்லும் நற்பணிக் குழுக்கள் நம் பங்குகள்தோறும் இயங்குகின்றன. அவற்றின் தொண்டு போற்றத்தக்கது. அத்தொண்டர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. உள்ளே கால் வைக்குமுன் ஒரு கணம் நின்று, 'வரலாமா, அம்மா?' என்று கேளுங்கள். அவர் 'வாருங்கள்' என்று சொல்லும்வரை காத்திருங்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது, இல்லாத கதவை அவர் தம் கையாலேயே திறக்கிறார். கொடுக்க ஒன்றுமில்லாதவர் விருந்தோம்புபவராக உயர்கிறார். நாம் கொண்டுசென்ற அரிசியும் மருந்தும் அவருக்குத் தர முடியாத மாண்பு அது.

தஞ்சை அரண்மனைக்குச் செல்ல விரும்புவோர் சென்று வரட்டும். சுவடிகளையும் செப்புத் திருமேனிகளையும் கண்டு களிக்கட்டும். அடைத்த கதவு ஒன்றைக் காணும்போது சற்றே நின்று, அதற்குப் பின்னால் ஒரு காலத்தில் முத்திரை வைத்த அறைகளில் இருந்த பெண்களை நினைக்கட்டும். ஊர் திரும்பியபின், கதவே இல்லாத ஏதேனும் ஒரு வீட்டின்முன் அதேபோல் நிற்கக் கற்றிருந்தால், அவர்கள் அந்த அரண்மனையை உண்மையாகவே கண்டவர்கள்.